கதிரை அக்காவின் பிரதமர்கள்

சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ பேர் பிரதமர் கதிரையில் ஏறி இருந்து, இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருக்காவது கதிரையை விட்டு ஒழுங்காக எழும்பத் தெரிந்திருக்கவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் கதிரை அக்காதான். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், நாங்கள் பின் அறையை வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன் அறையில் குடியிருந்தவர்.

இதை நான் புகழ்ந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த மனுசியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்த காலம் அது. இப்போதும் முழுக்க அணைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சிங்களத் தபால்காரன்கூட கேற்றடியில் நின்று "கதிரை நோனா!" என்றுதான் கூப்பிடுவான். காரணம் அக்கா கொழும்புக்கு வந்த விதம். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த சனம் நகையைக் கொண்டுவந்தது, காணி உறுதியைக் கொண்டுவந்தது, சாமிப் படத்தைக் கொண்டுவந்தது. அக்கா கொண்டுவந்தது ஒரு கதிரை. கைபிடி வைத்த, பிரம்பு பின்னிய, தேக்குக் கதிரை. கிளாலிக் கடலில் வள்ளம் ஓட்டுகிறவன் தலையில் கை வைத்தானாம்.

"அம்மா, ஒண்டில் நீங்கள் வாங்கோ, இல்லாட்டி கதிரை வரட்டும். ரெண்டுக்கும் இடமில்லை."

"அப்ப கதிரையை ஏத்து தம்பி. நான் அதுக்கு மேல இருக்கிறன். ரெண்டுக்கும் ஒரு இடம் காணும்."

அப்படியே வந்து சேர்ந்தார். மற்றவர்கள் எல்லாரும் வள்ளத்தின் அடியில் ஒடுங்கிக் கிடக்க, அக்கா மட்டும் அரியணையில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்து கடலைத் தாண்டினாராம். வவுனியாவில் ஆமிக்காரன் ஒருவன் கதிரையைக் குப்புறக் கவிழ்த்து, டொக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல நாலு காலையும் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டானாம். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கு இன்னும் சந்தேகம் கூடிவிட்டதாம். ஒன்றும் இல்லாத கதிரையை ஒருத்தி ஏன் இவ்வளவு தூரம் தூக்கி வருகிறாள்?

அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. அக்காவின் புருசன் ஊரில் நகர மண்டபக் காவலாளி. ஒருமுறை பிரதமர் ஒருவர் அந்த மண்டபத்துக்குக் கூட்டத்துக்கு வந்தபோது இருந்த கதிரை இது. எந்தப் பிரதமர் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்கும் ஆளைப் பொறுத்து அது மாறும். ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த ஹாஜியாரிடம் முதலாவது பிரதமர் என்று சொல்லியிருந்தார். எதிர்வீட்டு டீச்சரிடம், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் என்று சொல்லியிருந்தார். வீட்டு வாடகை வாங்க வந்த ஆளிடம் இரண்டு பிரதமர்கள் மாறி மாறி இருந்ததாகச் சொல்லி, வாடகையைக் குறைத்துக் கேட்டார்.

அந்தக் கதிரையில் வேறு ஒருவரும் இருக்க முடியாது. வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். கூடுதலாக வந்தால் நிலத்தில் பாய்.

அந்த வருசம் மழை பொய்த்து, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டத் தொடங்கினார்கள். பின்னேரம் எங்கள் பக்கம் இருண்டால் ரேடியோவும் இல்லை, டீவியும் இல்லை. வெளியே உலாவப் போகலாம் என்றால் காலி வீதி முழுக்கச் செக்கிங். அந்த இருட்டில்தான் அக்கா தன் நாடகத்தைத் தொடங்கினார். கதிரையை விறாந்தை நடுவில் வைத்து, பின்னால் குப்பி விளக்கைக் கொளுத்திவிடுவார். சுவரில் நிழல் ஆளைவிட மூன்று மடங்கு பெரிதாக விழும். பிறகு இந்த நாட்டின் பிரதமர்கள் ஒவ்வொருவரும் எப்படிக் கதிரையை விட்டுப் போனார்கள் என்று வரிசையாக நடித்துக் காட்டுவார். எப்படி வந்தார்கள் என்பது கிடையாது. ஹாஜியார் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"ஏன் அக்கா, வந்த கதைய செய்ய மாட்டீங்களா?"

"வந்த கதை பேப்பரில கிடக்கும் ஹாஜியார். மாலையும் போட்டோவுமாக் கிடக்கும். போன கதைதான் கதை."

முதலாமவர் காலிமுகத் திடலில் குதிரையால் விழுந்தவர். அக்கா கதிரையின் கைபிடியைக் கடிவாளமாகப் பிடித்து, டக்கு டக்கென்று ஓடி, ஒரு பக்கம் சரிந்து, பொத்தென்று நிலத்தில் விழுவார். நிழலும் விழும். ஹாஜியார் கைதட்டுவார்.

"இன்னொருக்கா விழுங்களே அக்கா. எங்கட ஊட்டு ஆளுக இப்பதான் வந்தாங்க."

"ஒருக்காத்தான் விழுந்தவர் ஹாஜியார். ரெண்டாந்தரம் விழுந்தால் அது சரித்திரமில்லை, சேர்க்கஸ்."

அடுத்தது மகன். அரிசி விலை கூடி, நாடே கடையைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது எழும்பிப் போனவர். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாக எழும்புவார். "இவரை மறந்திடாதையுங்கோ. இன்னும் ரெண்டு தரம் வருவார்" என்று சபைக்கு அறிவிப்பார். மூன்றாமவர் பட்டாளத்து ஆள், கோபக்காரர். எலெக்சனில் தோற்று எழும்பும்போது கதிரை நாலு அடி பின்னால் போய் நிற்கும். நாலாமவருக்குப் பின்னால் கொஞ்ச மாசம் மட்டும் இருந்த ஒருவருக்கு, அக்கா இருக்கப் போய், இருக்காமலே எழும்பிவிடுவார். "சூடு பிடிக்கேல்லை" என்பார்.

நாலாமவர் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டவர். அதை மட்டும் அக்கா நடிக்கமாட்டார். எழும்பி நின்று, விளக்குத் திரியை இறக்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். டீச்சருக்கு அது பிடிக்காது.

"அந்தாளின்ரை தனிச்சிங்களச் சட்டத்தாலைதானே அக்கா எங்கடை சனம் வேலையை விட்டுட்டு வந்தது. அவருக்கு என்ன மரியாதை?"

"ஓம் பிள்ளை, செய்தவர்தான். எண்டாலும் செத்தவீட்டில ஆரும் கூத்தாடுவினமோ?"

எல்லாருக்கும் பிடித்தது அதற்கும் பின்னால் வருகிற ஒருவர். அவர் பிரதமராக வந்து, சட்டத்தை மாற்றி, ஜனாதிபதியாக ஏறிவிட்டார். அக்கா மெதுவாக எழும்பி, அங்குமிங்கும் பார்த்து, கதிரையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். விறாந்தையில் ஸ்டூல் மட்டும் நிற்கும். உள்ளேயிருந்து குரல் வரும்: "இனிப் பிரதமராய் வாறவை அதிலை இருக்கலாம்!"

சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். நான் விறாந்தைக்குப் போவதேயில்லை. பின்பக்கச் சீலைத் திரைக்குள் தேத்தண்ணித் தட்டோடு நிற்பேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறக்காது. படித்ததும் ஐந்தாம் வகுப்பு.

அதற்காக வயிறு எரியவில்லை. எரிந்தது என் புருசனால்.

அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வீட்டுக்கு வந்தால் என்னோடு கதைக்க அவரிடம் மூன்று வசனம் இருந்தது. "உப்புக் காணாது." "குடை எங்கை?" "கரண்ட் போயிட்டுது." மூன்றாவதைச் சொன்னதும் முன்பக்கம் ஓடிவிடுவார். அங்கே போனால் அவர் வேறு மனிதர். நாடகத்துக்கு அறிவிப்பாளர் அவர்தான். நெஞ்சை நிமிர்த்தி, கந்தோர் மீட்டிங்கில் பெரியவர்கள் கதைப்பதுபோல, "கௌரவ பிரதமர் அவர்கள்!" என்று முழங்குவார். அந்தக் குரல் எங்கள் பின் அறையில் ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம் உப்புக் காணாது என்று சொன்ன அதே வாய்.

அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. முன்பல் ஒன்று இல்லை. என் புருசனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் "கௌரவ" என்று தொடங்கும்போது திரைக்குள் நின்று எனக்குப் பல் கடிபடும். யாரோ ஒரு கிழவி விழுந்து எழும்புவதை அப்படிப் பார்க்கிற மனுசன், நான் ஆட்டுக்கல்லில் கையை நசுக்கிக்கொண்ட அன்றைக்குத் தலையை நிமிர்த்தவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை வந்துவிட்டது. ஒருநாளைக்கு அந்தக் கதிரையில் நான் இருக்க வேண்டும். அவர் எனக்கு "கௌரவ" சொல்ல வேண்டும்.

திரைக்குள் நின்று பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. பகலில் அக்கா மார்க்கெட்டுக்குப் போன நேரம், குசினியில், அடுப்படி வாங்கில் ஏறி இருந்து, குதிரையால் விழுந்து பார்த்தேன். இடுப்பில் இரத்தம் கண்டியது. புருசன் கேட்டார்.

"இஞ்சரும், ஏன் நொண்டுறீர்?"

"படியிலை தடக்கினது."

"ம். குடை எங்கை?"

சந்தர்ப்பம் வந்ததுபோலத்தான் இருந்தது. அக்காவுக்கு முழங்கால் வீங்கி, ஒரு கிழமை எழும்ப முடியவில்லை. நாடகத்தில் பெரிய பாத்திரம் நாலாமவரின் மனைவி, அந்த அம்மா. புருசன் சுடப்பட்டபின் வெள்ளைச் சேலையோடு வந்து, இரண்டு தரம் தோற்று எழும்பிப் போய், அந்த நேரம் மூன்றாம் தரமாக உண்மையிலேயே பிரதமராக இருந்தவர். அவருடைய மகளே ஜனாதிபதி. அக்கா பாயில் படுத்தபடி சொன்னார், "இந்தக் கிழமை அந்த அம்மாவுக்கு வேறை ஆள் பாப்பம்."

நான் திரையை விலக்கிக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தேன்.

"டீச்சர், நீர் செய்யும். உம்மட்டை வெள்ளைச் சீலை கிடக்குத்தானே?"

வைத்த காலை எடுத்துவிட்டேன்.

டீச்சர் செய்தது ஒரு நடிப்பா? வகுப்பு முடிந்து மணி அடித்ததுபோல ஸ்டூலை விட்டு எழும்பிப் போனார். அதற்கும் என் புருசன் "கௌரவ பிரதமர் அவர்கள்" என்றார். என்னிடமும் வெள்ளைச் சேலை இருந்தது. தைத்து வைத்த தலையணை உறைக்கு மிச்சமான துணியென்றாலும், தோளில் போடக் காணும். அக்கா ஒருதரம் கேட்டிருக்கலாம்.

முழங்கால் மாறி அக்கா திரும்பவும் நடிக்கத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. மூன்றாம் தரம் வந்த அந்த அம்மா, கதிரை போனபிறகு வந்த பிரதமர். கணக்குப்படி அவர் ஸ்டூலில்தான் இருக்க வேண்டும். அக்கா மாட்டேன் என்றுவிட்டார்.

"மகளல்லோ ஜனாதிபதி. பெத்த தாயை ஸ்டூலிலை விடுவாளோ? முழங்கால் ஏலாத மனிசி. கதிரையை வெளியிலை கொண்டா தம்பி."

என் புருசன் ஓடிப்போய்க் கதிரையைத் தூக்கிவந்தார். வீட்டில் ஒரு தேங்காய் உரித்துத் தரமாட்டார்.

ஆனால் கதிரையில் வைத்தபிறகு அந்த அம்மாவை என்ன செய்வது? இன்னும் போகாத ஆளுக்குப் போன கதை இல்லையே. அதனால் நாடகம் அவர் வந்து இருந்ததோடு முடிந்துவிடும். அக்கா எழும்பாமல் இருப்பார். சனம் எழும்பி வீட்டுக்குப் போகும்.

ஒரு பின்னேரம், நாடகம் தொடங்கி, அக்கா குதிரையால் விழுந்து நிலத்தில் கிடந்த நேரம், கேற்றைத் தள்ளிக்கொண்டு டோர்ச் வெளிச்சங்கள் உள்ளே வந்தன. செக்கிங். ஏழெட்டு ஆமிக்காரர், முன்னுக்கு ஒரு இளம் அதிகாரி. அவர் கண்டது என்ன? இருட்டு வீடு. இருபது தமிழ்ச் சனம். நடுவில் ஒரு கிழவி நிலத்தில் விழுந்து கிடக்கிறாள்.

"கவுத கெஹுவே?" என்றார். யார் அடித்தது?

ஒருவரும் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர் அக்கா. நாள் முழுக்க வாய் மூடாத மனுசி அவர். நிலத்தில் இருந்தபடியே வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். சீருடையை இவ்வளவு கிட்டத்தில் கண்டதும் அக்காவின் தொண்டை எங்கேயோ போய்விட்டது. அது எந்த வருசத்துப் பயம் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

என் புருசன் முன்னுக்கு வந்தார். அவருடைய சிங்களம் கந்தோர்ச் சிங்களம், சுற்றுநிருபம் வாசிக்கிற மாதிரி. அதிகாரிக்கு முகம் இறுகியது.

"ரெஸ்வீமக் த?" கூட்டமா?

இல்லை என்று சொன்னால் முடிந்தது. பயத்தில் மனுசனுக்கு உண்மை வந்துவிட்டது. "ஒவ் சேர். பார்லிமென்ட்."

அதிகாரி எல்லாருடைய ஐ.சி. அடையாள அட்டையையும் வாங்கினார். அநேகமாக எல்லாவற்றிலும் யாழ்ப்பாண விலாசம். என் புருசனுடையதை டோர்ச்சுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒழுங்கை முனையில் ட்ரக் நிற்கிறது, எல்லாரும் வந்து ஸ்டேசனில் சொல்லுங்கள் என்றார். டீச்சர் அழத் தொடங்கினார். அப்படி ஏறிப் போனவர்களில் சிலர் காலையில் வந்தார்கள். சிலரைத் தேடி மனைவிமார் எத்தனையோ வாசலில் நின்றார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளைத்தாய்ச்சி அப்படி நின்றுகொண்டிருந்தாள்.

என் கால் எப்படித் திரைக்கு வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணித் தட்டை ஸ்டூலில் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் மீனுக்கும் மரக்கறிக்கும் பேரம் பேசுகிற சிங்களம். அதில் இதை விளங்கப்படுத்த முடியாது. அதனால் கதிரையில் போய் இருந்தேன். கடிவாளத்தைப் பிடித்தேன். டக்கு டக்கென்று ஓடி, சரிந்து, பொத்தென்று விழுந்தேன்.

டோர்ச் வெளிச்சம் என்மேலேயே நின்றது. பிறகு பின்வரிசையில் நின்ற ஒரு பொடியன் சொன்னான், "அஸ்வயா!" குதிரை!

எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அரிசி விலைக்காரரைச் செய்தேன். ஆமிக்காரருக்குள் குசுகுசுப்புத் தொடங்கியது. பட்டாளத்துக்காரருக்குக் கதிரையை உதைத்தேன். ஒருவன் சிரித்துவிட்டு அதிகாரியைப் பார்த்து வாயைப் பொத்தினான். நாலாமவர் வந்தபோது, அக்கா செய்கிற மாதிரியே திரியை இறக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த இருட்டில் ஒரு சரசரப்புக் கேட்டது. ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இருக்காமலே எழும்பினவர் யார் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஒருவன் ஒரு பெயர் சொல்ல, மற்றவன் "நீ எந்தப் பள்ளிக்கூடம்?" என்கிறமாதிரி அவன் தலையில் தட்டினான். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனபோது, தட்டோடு ஸ்டூல் மட்டும் விறாந்தையில் நின்றது. முதல்முதலாக அதிகாரியின் சிரிப்புக் கேட்டது.

கதிரையோடு திரும்பி வந்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டோர்ச்சை என் முகத்துக்கு அடித்துக் கேட்டார்.

"தென் இன்ன நோனா?" இப்போது இருக்கிற அம்மா?

அந்த அம்மா போவதுபோல ஒரு விரலை அசைத்தாலும் எல்லாரும் ட்ரக்கில்தான். என் புருசன் வெறுங்கையை நீட்டி, வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டு, கதிரையில் இருந்தேன்.

இருந்தேன். இருந்துகொண்டே இருந்தேன். கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு ரெயில் வந்து, முழுக்கப் போய் முடிந்தது. கன்னத்தில் நுளம்பு கடித்தது. கை தூக்கவில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"தாம நெகிட்டே நே, மாத்தயா." இன்னும் எழும்பவில்லை, ஐயா.

முதலில் குதிரைப் பொடியன் சிரித்தான். பிறகு எல்லாரும். அதிகாரி டோர்ச்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் இருந்த ஆறின தேத்தண்ணியில் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தார். ஐ.சி. கட்டு முழுவதையும் என் மடியில் வைத்தார். பிரதமர்தானே, நீங்களே பகிர்ந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதிரையில் இருந்தபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தேன். டீச்சர் கும்பிட்டு வாங்கினார். ஹாஜியார், "அல்லாஹ்ட காவல் தங்கச்சி, நீங்க எலெக்சன் கேளுங்க, நான் மெழுகுதிரி தாறன்" என்றார். கடைசியில் என் புருசன் வந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அடுத்தநாள் காலையில் குசினி வாசலில் வந்து நின்றார். நின்று நின்று தொண்டையைச் செருமினார்.

"கௌரவ பிரதமர் அவர்களே, தேத்தண்ணி இருக்கோ?"

அடுப்பு ஊதுவதுபோலக் குனிந்துகொண்டேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

இனி அக்காவின் கதை. எனக்கு நன்றி சொல்வார் என்று நினைப்பீர்கள். அக்கா என்னோடு கோபம்! பல நாளாக வாய் திறக்கவில்லை. திறந்தபோது வந்தது இதுதான்.

"குதிரையாலை அவர் விழுந்தது இடப்பக்கம் பிள்ளை. நீ வலப்பக்கம் விழுந்தனி."

"அப்பிடியே அக்கா?"

"சரித்திரத்தை மாத்தக் கூடாது. தம்பியும் பாத்துக்கொண்டு நிண்டவர்தானே, ஒரு சொல் சொல்லேல்லை. இப்ப வேறை ஆக்களுக்கெல்லோ கௌரவம் போடுறார்."

அக்காவுக்கு வயிறு எரிகிறது! என்னைப் பார்த்து! அன்று சமைத்த கறியில் உப்புப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. என் புருசனும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மழை பெய்தது, கரண்ட் ஒழுங்காக வந்தது, சனம் டீவிக்குப் போய்விட்டது. அக்காவுக்குக் கனடாவிலிருந்து மகன் போட்ட விசாவும் வந்தது. கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு வான் வரும் நாள் என்னை முன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு சூட்கேசும் கதிரையும் இருந்தன.

"பிளேன்காரரிட்டையும் கேட்டுப் பாத்தனான், அதுக்கு மேலை இருந்து வாறன் எண்டு. விடமாட்டினமாம். நீ வைச்சிரு."

"டீச்சருக்குக் குடுங்கோவன் அக்கா. அவதானே அந்த அம்மாவாச் செய்தவ."

எத்தனை மாசமாக அதை வாயில் வைத்திருந்தேனோ, வெளியே வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். இல்லாத பல் தெரிந்தது.

"அதுக்குத்தான் திரைக்குள்ளை நிண்டு பொரிஞ்சனியோ? நீ வெளியிலை வருவாயெண்டு நானும் எத்தினை நாள் பாத்தனான். வாவெண்டு கூப்பிட்டால் நீ பின்கதவாலை ஓடியிருப்பாய்." பிறகு கதிரையின் கைபிடியைத் தடவிக்கொண்டு சொன்னார், "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. இதிலை ஒரு பிரதமரும் இருக்கேல்லை. வாறன் எண்டு சொன்னவர். என்ரை மனிசன் தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கி வைச்சது. மாலை கட்டி, பந்தல் போட்டு, ஊரே வெயிலுக்கை நிண்டது. வரேல்லை. அடுத்தவரும் வாறன் எண்டார். அவரும் வரேல்லை. மனிசன் கடைசி வரைக்கும் ஒருத்தரையும் இதிலை இருக்கவிடேல்லை, வந்தாலும் எண்டு. அண்டைக்கு நீ இருந்தாய். அந்தாள் கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருக்கும்."

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. அக்கா கடைசியாக அந்தக் கதிரையில் போய் இருந்தார்.

"எல்லாரும் போனதைக் காட்டினீங்கள். நீங்கள் எப்பிடிப் போறீங்கள் எண்டு பாப்பம்" என்றேன், அழுகையை விளையாட்டாக்கி.

"நீ பாத்தால் நாளைக்குச் செய்து காட்டுவாய். அதுவும் வலப்பக்கமாய். அங்காலை திரும்பு."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பிரம்பு ஒருதரம் கிறீச்சிட்டது. நான் திரும்பியபோது கேற்றடியில் வானின் கதவு சாத்திய சத்தம்தான் மிச்சம்.

பிறகு போனில் கேள்விப்பட்டோம். கனடாவில் மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சனத்தைக் கூட்டிவைத்து, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து குதிரையால் விழுகிறாராம். யாரோ ஒரு வாத்தியார் "கௌரவ பிரதமர் அவர்கள்" என்று கத்துகிறாராம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கும் என் புருசனுக்கும் சேர்த்து வயிறு எரிந்தது. "அந்த வாத்திக்கு என்ன தெரியும்?" என்று அவர் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கு இன்னும் கூட. அந்தச் சனம் பாயில் இருந்து பார்க்கிறது. நான் திரைக்குள் நின்றுதானே பார்த்தேன்.

சில வருசம் கழித்து வேறு ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கதைகள் வரவில்லை.

பிரதமராக இருந்த அந்த அம்மாவும் கதிரையை விட்டுப் போனார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் வந்து வந்து போனார்கள். சொந்தக்காரர் யாராவது வந்து, கரண்டும் போய்விட்டால், என் புருசன் இந்த வயதிலும் நெஞ்சை நிமிர்த்திக் "கௌரவ" என்று தொடங்கிவிடுவார். நானும் ஒவ்வொருவராக எழும்பிப் போய்க் காட்டுவேன். குதிரையால் இப்போது இடப்பக்கமாகத்தான் விழுகிறேன்.

கடைசியில் யாராவது கேட்பார்கள், அந்தக் கதிரை அக்கா எப்படிப் போனவ என்று. நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டு, கதிரையில் சாய்ந்து இருப்பேன். கரண்ட் வரும். பிள்ளைகள் டீவியைப் போடுவார்கள். என் புருசன் தேத்தண்ணி கேட்பார்.

நான் எழும்பமாட்டேன்.